காற்று அடிக்கிறது, காற்றாடி ஏன் நிற்கிறது?

ஆச்சி வீட்டில் மின்சாரம் போனபோது மாலை ஆறரை மணி இருக்கும். காற்று மட்டும் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. கொடியில் காய்ந்த மாமாவின் வேட்டி பறந்துபோய் முருங்கை மரத்தில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்கப் பின்வாசலுக்குப் போனபோதுதான் கவனித்தேன். வீட்டிலிருந்து முந்நூறு மீட்டர் தள்ளி, காலையிலிருந்து ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்த காற்றாலை வேகம் குறைந்து, கடைசியாக ஒரு அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. அதற்கு அப்பால் இருந்த இரண்டும் ஏற்கெனவே நின்றிருந்தன.

ஆச்சி என் பின்னால் வந்து நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்.

“ஏன் மக்களே, காத்து இந்த அடி அடிக்குது. காத்தாடி ஏன் நிக்குது? நீ கரண்டுக்குத்தானே படிக்கே?”

நான் சிங்கப்பூரில் மின்பொறியியல் இரண்டாம் ஆண்டை முடித்துவிட்டு விடுமுறைக்கு வந்திருந்தேன். எனக்குப் பதில் தெரியவில்லை. “ஏதாவது ரிப்பேரா இருக்கும் ஆச்சி,” என்று சொல்லிவிட்டு வேட்டியை எடுக்கப் போனேன். ஒரே நேரத்தில் மூன்று இயந்திரங்கள் எப்படிப் பழுதாகும் என்று ஆச்சி திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் பதில் இல்லை.

அம்மாவின் ஊர், தமிழ்நாட்டின் தென்கோடியில் முப்பந்தலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சிற்றூர். மூவேந்தர்களும் பந்தல் போட்டுக் கூடிய இடம் என்பதால் முப்பந்தல் என்று பெயர் வந்ததாக ஊரில் கதை சொல்வார்கள். இன்று அந்தப் பெயரைக் கேட்டதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது இசக்கியம்மன் கோயிலும் காற்றாலைகளும்தான். சிறு வயதில் காரில் போகும்போது தம்பியும் நானும் காற்றாலைகளை எண்ணிக்கொண்டே போவோம். நூறைத் தாண்டியதும் யார் எண்ணிக்கை சரி என்று சண்டை வரும். அம்மா வந்து பிரித்து உட்கார வைப்பார்.

எங்கள் பல்கலைக்கழக விடுமுறை மே மாதம் தொடங்கி ஜூலை வரை. அங்கே காற்றுக் காலமும் அதே மாதங்களில்தான் உச்சத்தில் இருக்கும். அதனால் ஊர் என்றாலே எனக்குக் காற்றுதான். அது ஏன் அந்த இடத்தில் மட்டும் அப்படி அடிக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. இந்த முறை யோசிக்க வேண்டியதாயிற்று.

கணவாயின் கிழக்கு வாசல்

திருவனந்தபுரத்தில் விமானம் தரையிறங்கியபோது நல்ல மழை. நாகர்கோவில் வரை கார் வைப்பர் நிற்கவில்லை. ஆரல்வாய்மொழியைத் தாண்டியதும் மழை அறவே இல்லை; மேகம் கலைந்து வெயில். ஆனால் கார்க் கதவைத் திறக்க ஒரு கை போதவில்லை.

காரணம் மேற்குத் தொடர்ச்சி மலை. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. மலை சுவர்போல் குறுக்கே நிற்பதால் மேகங்கள் மேற்குச் சரிவிலேயே மழையைக் கொட்டிவிடுகின்றன. காற்று மட்டும் கிழக்கே போக வழி தேடுகிறது. மலையில் இடைவெளி இருக்கும் இடங்கள் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி போன்ற கணவாய்கள். அந்தக் குறுகிய வாசல்களில் நெருங்கி நுழையும்போது காற்றின் வேகம் கூடுகிறது. தமிழ்நாட்டின் பெரிய காற்றாலைப் பகுதிகள் எல்லாம் இந்தக் கணவாய்களின் கிழக்குப் பக்கத்தில் அமைந்திருப்பது தற்செயல் அல்ல.

இது நமக்குப் புதிதும் அல்ல. இரண்டு அடுக்குமாடிப் புளோக்குகளுக்கு நடுவே உள்ள நடைபாதையில் நடக்கும்போது திடீரென்று குடை மடங்கிப்போகும் இல்லையா? கார்நிறுத்துமிடத்தில் அமைதியாக இருந்த அதே காற்றுதான். ஆரல்வாய்மொழியில் புளோக்குகளுக்குப் பதில் மலைகள்.

1986ஆம் ஆண்டு தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் அரசு சோதனை முறையில் சிறு காற்றாலைகளை நிறுவியது. ஒவ்வொன்றும் 55 கிலோவாட். அடுத்து முப்பந்தல், கயத்தாறு வட்டாரங்கள் வந்தன. 1990களில் தனியார் நிறுவனங்கள் வரிசையில் நின்றதற்குக் காற்று மட்டும் காரணம் இல்லை. காற்றாலை வாங்கினால் அதன் விலை முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கணக்குக் காட்டி வரியைக் குறைக்கலாம் என்று அன்றைய இந்திய வரிச்சட்டம் அனுமதித்தது. காற்றைப் பற்றி எதுவும் தெரியாத நூற்பாலைகளும் சிமெண்டு ஆலைகளும் காற்றாலை வாங்கிய காலம் அது.

ஆச்சி வீட்டுக்குப் பின்னால் நிற்கும் காற்றாலையும் அப்போது வந்ததுதான். அது நிற்கும் நிலம் பாட்டாவினுடையது. அங்கே தாத்தாவைப் பாட்டா என்றுதான் அழைப்பார்கள். மழை இல்லாத, பனை மட்டும் வளர்ந்த இரண்டு ஏக்கரை ஒரு நிறுவனம் கேட்டது. “காத்தைத் தவிர ஒண்ணும் விளையாத பூமி, இதுக்கு இவ்வளவு தாறானே,” என்று பாட்டா சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாராம். அந்தக் காற்றுதான் விளைச்சல் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

ஏழு டன் காற்று

எவ்வளவு விளைச்சல்? அன்றிரவு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நான் கணக்குப் போட்டேன். உயர்நிலைப் பள்ளி இயற்பியல் போதும். நீங்களும் போட்டுப் பார்க்கலாம்.

அந்தக் காற்றாலையின் திறன் 225 கிலோவாட். மூன்று இறகுகள் சுற்றும் வட்டத்தின் விட்டம் 27 மீட்டர். வட்டத்தின் பரப்பளவு ஏறத்தாழ 570 சதுர மீட்டர். காற்று நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வந்தால், ஒவ்வொரு நொடியும் அந்த வட்டத்தின் வழியாக 5,700 கன மீட்டர் காற்று போகிறது. ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோகிராம். ஆக, நொடிக்கு ஏறத்தாழ ஏழு டன். காற்றுக்கு எடை இருப்பதே நமக்கு மறந்துபோகிறது; அங்கே ஒரு நொடிக்கு ஒரு லாரிச் சுமை கடந்துபோகிறது.

இப்போது வேகம் இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நொடியில் கடக்கும் காற்றின் எடையும் இரட்டிப்பாகிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், ஒவ்வொரு கிலோகிராமும் சுமக்கும் ஆற்றல் நான்கு மடங்காகிறது. இரண்டையும் பெருக்கினால் எட்டு மடங்கு. காற்றாலை பற்றி ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் நிற்கும் என்றால், அது இந்த எட்டாக இருக்கட்டும். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதில் உள்ள ஆற்றல் எட்டு மடங்கு.

சிங்கப்பூரின் சராசரிக் காற்று வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர். முப்பந்தலில் காற்றுக் காலத்தில் 10 மீட்டர் என்பது சாதாரணம். ஐந்து மடங்கு வேகம். 5 x 5 x 5, அதாவது 125 மடங்கு ஆற்றல். அந்த 27 மீட்டர் வட்டத்தின் வழியாக முப்பந்தலில் ஏறத்தாழ 340 கிலோவாட் ஆற்றல் கடந்துபோகும்போது, அதே வட்டத்தைத் தோ பாயோவில் நட்டுவைத்தால் கடந்துபோவது 2.7 கிலோவாட். தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்கெண்டி ஒன்றுக்குத்தான் அது காணும். அதுகூட முழுதாகக் கிடைக்காது. பெரும்பாலான காற்றாலைகள் நொடிக்கு 3 அல்லது 4 மீட்டர் வேகம் வந்த பிறகுதான் மின்சாரம் தரத் தொடங்கும். அதாவது தோ பாயோ காற்றாலை பெரும்பாலான நேரம் சும்மா நிற்கும்.

“சிங்கப்பூரில் ஏன் காற்றாலை இல்லை, கடல்தான் சுற்றிலும் இருக்கிறதே” என்று உயர்நிலைப் பள்ளியில் ஒரு முறை கேட்டு, “இடம் இல்லை” என்ற பதிலோடு திருப்தி அடைந்திருக்கிறேன். இடம் இரண்டாவது காரணம். முதல் காரணம் இந்த 125. செமாக்காவ் தீவில் ஆய்வுக்காக 2017ஆம் ஆண்டு ஒரு காற்றாலை நிறுவப்பட்டது உண்மை. ஆனால் நம் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இன்னமும் இயற்கை எரிவாயுவிலிருந்துதான் வருகிறது.

சரி, 340 கிலோவாட் கடந்துபோகிறது என்றால் அத்தனையும் மின்சாரம் ஆகுமா? ஆகாது. காற்றிலிருந்து முழு ஆற்றலையும் உருவிவிட்டால் அது இறகுகளுக்குப் பின்னால் அப்படியே நின்றுவிடும். எம்ஆர்டியில் ஏறியவர்கள் உள்ளே நகராமல் கதவருகிலேயே நின்றுவிட்டால் பின்னால் வருபவர்கள் ஏற முடியாது அல்லவா, அதே கதைதான். கடந்துபோன காற்று விலகி வழிவிட வேண்டும். அதற்குக் கொஞ்சம் வேகம் மிச்சம் இருக்க வேண்டும். அதிகபட்சம் 59.3 விழுக்காடு வரைதான் எடுக்க முடியும் என்று ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் நூறாண்டுகளுக்கு முன்பே கணக்கிட்டுக் காட்டினார். நடைமுறையில் 40 விழுக்காடு கிடைத்தாலே நல்ல இயந்திரம். அப்படிப் பார்த்தால் 10 மீட்டர் காற்றில் ஆச்சி வீட்டுக் காற்றாலை ஏறத்தாழ 140 கிலோவாட் தரும். 225 வரவேண்டும் என்றால் காற்று இன்னும் கொஞ்சம் பலமாக அடிக்க வேண்டும்.

சிங்கப்பூரில் எங்கள் நான்கறை வீட்டின் கடந்த மாதக் கட்டணச் சீட்டில் இருந்தது 380 கிலோவாட்மணி. அந்தக் காற்றாலை முழு வேகத்தில் ஓடினால் ஒரு மணி 41 நிமிடத்தில் எங்கள் ஒரு மாத மின்சாரத்தைத் தயாரித்துவிடும். இதை எழுதி முடித்தபோது மெழுகுவர்த்தி காற்றில் அணைந்துவிட்டது.

ஆயிரத்தெட்டு

மின்சாரம் அரை மணி நேரத்துக்கும் மேல் கழித்து வந்தது. மறுநாள் காலை, அதே தெருவில் இருக்கும் அண்ணன் ஒருவரிடம் மாமா என்னை அழைத்துப் போனார். அவர் காற்றாலைகளில் ஆபரேட்டர். பதினைந்து ஆண்டுகளாக அதே இயந்திரங்களோடு இருப்பவர். பொறியியல் பட்டம் இல்லை; ஐடிஐ படித்தவர்.

கோபுரத்தின் அடியில் ஒரு இரும்புக் கதவு. அதைத் திறந்து, வாசலில் நின்றபடியே கண்ட்ரோல் பேனலைப் பார்க்கச் சொன்னார். உள்ளே ஏற எனக்கு அனுமதி இல்லை, நானும் கேட்கவில்லை. சின்னத் திரையில் எண்கள் ஓடின. காற்று நொடிக்கு 11 மீட்டர். மின்சாரம் 170 கிலோவாட். தலைக்கு மேல் இறகுகள் ஒவ்வொன்றும் ‘ஹூஷ்’, ‘ஹூஷ்’ என்று கடந்துபோயின. தூரத்திலிருந்து பார்த்தால் சோம்பலாகச் சுற்றுவதுபோல் தெரியும். நிமிடத்துக்கு 43 சுற்றுதான். ஆனால் இறகு நுனி ஒரு சுற்றில் 85 மீட்டர் பயணம் செய்கிறது. மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல்.

இந்தச் சுழற்சியை உச்சியில் உள்ள பெட்டிக்குள் இருக்கும் கியர் ஏறத்தாழ 23 மடங்காக்கி மின்னாக்கிக்குக் கொடுக்கிறது. 43ஐ 23ஆல் பெருக்கினால் ஆயிரத்துக்குப் பக்கத்தில் வரும்.

“முழு லோடுல 1,008 சுத்து, தங்கச்சி. அர்ச்சனைக் கணக்கு மாதிரி ஞாபகம் வச்சுக்கோ,” என்றார் அண்ணன். “1,000க்குக் கீழே போச்சுன்னா இது ஜெனரேட்டர் இல்ல, மோட்டார். நாமதான் கரண்டு கொடுத்துச் சுத்தணும்.”

அந்த நொடியில் எனக்கு முகம் சூடாகிவிட்டது. கடந்த பருவத்தில்தான் தூண்டல் மோட்டார் பாடம் படித்திருந்தேன். அதன் வரைபடத்தைத் தேர்வில் வரைந்து மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். அந்த வரைபடத்தின் வலது ஓரத்தில் கோடு அச்சுக்குக் கீழே இறங்கும் பகுதியைப் பேராசிரியர் ஒரு வாக்கியத்தில் கடந்து போனார், நானும் கடந்துவிட்டேன். பாட்டாவின் நிலத்தில் முப்பது ஆண்டுகளாகச் சுற்றுவது அந்த ஓரம்தான்.

விஷயம் இதுதான். இந்தப் பழைய வகை மின்னாக்கியில் நிரந்தரக் காந்தம் கிடையாது. வெளியே இருக்கும் மின்கட்டமைப்பு அதன் கம்பிச் சுருள்களுக்குள் மின்சாரத்தை அனுப்பி, நிமிடத்துக்கு 1,000 முறை சுழலும் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. உள்ளே இருக்கும் சுழலி அந்தப் புலத்தைவிட மெதுவாகச் சுற்றினால், புலம் அதை இழுத்துக்கொண்டு ஓடும். நம் வீட்டுச் சலவை இயந்திரத்திலும் ஊர்க் கிணற்றுப் பம்புசெட்டிலும் நடப்பது அது. காற்று அந்தச் சுழலியைப் புலத்தைவிடச் சற்று வேகமாகத் தள்ளிவிட்டால் கதை தலைகீழாகிறது. சுழலி புலத்தை இழுக்கிறது. மின்சாரம் வெளியே பாய்கிறது. 1,000க்கும் 1,008க்கும் நடுவே உள்ள அந்த எட்டுச் சுற்றில்தான் அத்தனை கிலோவாட்டும் இருக்கிறது.

ஆக, வெளியே மின்சாரம் இல்லாவிட்டால் உள்ளே காந்தம் இல்லை. காந்தம் இல்லாவிட்டால் எவ்வளவு காற்று அடித்தாலும் மின்சாரம் இல்லை. அதோடு நின்றால் பரவாயில்லை. இறகுகளுக்கு எதிர்ப்பு இல்லாமல் போவதால் அவை வெறிபிடித்ததுபோல் வேகமெடுக்கும், இயந்திரம் சிதறிப்போகலாம். அதனால் கம்பியில் மின்சாரம் போன மறுகணமே இறகுகள் காற்றுக்கு முகம் கொடுக்காமல் திரும்பிக்கொள்ளும், பிரேக் விழும். கம்பியைப் பழுது பார்க்க ஏறியிருக்கும் ஊழியர்களுக்கும் அதுதான் பாதுகாப்பு. செத்த கம்பி என்று நினைத்துத் தொடுபவரை எங்கோ ஒரு காற்றாலை கொன்றுவிடக் கூடாது.

முந்தின நாள் மாலை ஒரே மின்தடத்தில் கோளாறு. அந்தத் தடத்தில் இருந்த காற்றாலைகள் எல்லாம் ஒன்றாக நின்றன. தடம் சரியானதும் ஒவ்வொன்றாக எழுந்தன. “அந்த அரை மணி நேரக் காத்து போனது போனதுதான். ஒரு மிஷினுக்கு 100 யூனிட் வச்சுக்கோ,” என்றார் அண்ணன். சில நாள் தடம் நன்றாக இருந்தும், கட்டமைப்பில் மின்சாரம் மிதமிஞ்சிப் போய், குறைத்துக்கொள்ளச் சொல்லி உத்தரவு வருமாம். காற்றை நிறுத்திவைத்துப் பிறகு வாங்கிக்கொள்ள முடியாது என்பதால் அது அவருக்கு நெஞ்சு எரிச்சல்.

வீட்டுக்கு ஓடிவந்து ஆச்சியிடம் சொன்னேன். தூண்டல், காந்தப் புலம் எல்லாம் சொல்லாமல், “வெளியிலிருந்து கொஞ்சம் கரண்டு போனாத்தான் ஆச்சி அது நிறையக் கரண்டு தரும்,” என்றேன்.

“பம்புசெட்டுக்கு முதல்ல தண்ணி ஊத்தித்தானே இறைப்போம், அது மாதிரியா?” என்றார் ஆச்சி.

அதே மாதிரிதான். என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டார்.

கேள்வி அது மட்டும் இல்லை

ஆனால் ஆச்சி அன்றைக்கு என்னிடம் கேட்க நினைத்தது வேறு. இரண்டு நாள் கழித்துத்தான் அது தெரிந்தது.

மே மாதம் மாமாவைத் தேடி ஒருவர் வந்திருக்கிறார். பழைய சிறு காற்றாலைகளைக் கழற்றிவிட்டுப் பெரியதாக ஒன்று போடப் போகிறார்கள், மீதி இருக்கும் இரண்டு ஏக்கரையும் கொடுத்தால் நல்ல விலை என்று பேசியிருக்கிறார். பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கவும் மாற்றவும் தமிழ்நாட்டு அரசு 2024ஆம் ஆண்டு ஒரு கொள்கையை வெளியிட்டது. அதன் பிறகு இப்படிப்பட்ட பேச்சுகள் ஊரில் அதிகம். மாமாவுக்குக் கொடுக்க ஆசை. மகளின் கல்லூரிச் செலவு இருக்கிறது. ஆச்சி வாயைத் திறக்கவில்லை. அந்த இரண்டு ஏக்கரில் ஒரு கிணறும் பதினாறு பனைகளும் இருக்கின்றன.

“நீ படிச்ச பிள்ளை. இது தேவைதானான்னு சொல்லு,” என்றார் மாமா. ஆச்சி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார், ஆனால் கை நின்றிருந்தது.

பொறியியல் பக்கம் எனக்குச் சந்தேகம் இல்லை. இப்போது வரும் 3 மெகாவாட் காற்றாலை ஒன்றின் வட்டம் 140 மீட்டர் இருக்கலாம். 27 மீட்டர் வட்டத்தைப்போல் விட்டத்தில் ஐந்து மடங்கு. பரப்பளவில் 27 மடங்கு. கோபுரமும் உயரம். தரையை ஒட்டி மரமும் வீடும் காற்றைத் தடுக்கும், மேலே போகப் போக வேகம் கூடும். அந்த எட்டு மடங்குக் கணக்கில் கொஞ்சம் வேகம் கூடினாலே நிறைய. நாட்டிலேயே மிகச் சிறந்த காற்று அடிக்கும் இடங்களில் ஒன்றில் 1990களின் குட்டி இயந்திரங்கள் உட்கார்ந்திருப்பது, புக்கிட் தீமாவில் நிலம் வாங்கிச் சைக்கிள் நிறுத்த மட்டும் பயன்படுத்துவதுபோல. தமிழ்நாட்டில் மொத்தக் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியாகிவிட்டது. நல்ல இடங்கள் முன்பே நிரம்பிவிட்டன.

ஆனால் மாமா கேட்டது நாட்டைப் பற்றி அல்ல. அதனால் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். பெரிய காற்றாலையின் இறகு நுனி 200 மீட்டர் உயரம் வரை போகும். டக்ஸ்டனில் இருக்கும் 50 மாடி பினாக்கிள் கட்டடத்தைவிட (156 மீட்டர்) அதிகம். இப்போது இருப்பது ஒரு 15 மாடி புளோக் அளவுதான். அதைத் தூக்கி நிறுத்தும் கிரேன் வர அகலமான பாதை வேண்டும், நிற்கக் கெட்டியான தரை வேண்டும். பனைகள் தப்புவது கடினம். கிணறு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. காலையிலோ மாலையிலோ சுற்றும் இறகின் நிழல் வீட்டின்மேல் விழுந்து விழுந்து போகலாம். ஒன்றுக்கும் மற்றதற்கும் இடையே பல நூறு மீட்டர் இடைவெளி தேவை என்பதால், சுற்றிலும் உள்ள பழைய இயந்திரங்களின் சொந்தக்காரர்கள் எல்லாரும் சம்மதித்தால்தான் நடக்கும். அவர்களில் பாதிப் பேர் யார் என்றே ஊருக்குத் தெரியாது. பாட்டாவின் நிலத்தில் நிற்பதன் உரிமையாளரே பல மாவட்டங்களுக்கு அப்பால் உள்ள ஒரு நூற்பாலை. இங்கே உற்பத்தியாகும் யூனிட்டுகள் அங்கே அவர்கள் மின்கட்டணத்தில் கழியும்.

“அப்ப பெரிசு வந்தா, கரண்டு போகிறப்ப நம்ம வீட்டுல விளக்கு எரியுமா?” என்று ஆச்சி கேட்டார்.

எரியாது. புதிய இயந்திரங்கள், மின்னழுத்தம் சில கணங்கள் சரிந்தாலும் இணைப்பை விடாமல் தாங்கிக்கொள்ளும். ஆனால் தடமே போய்விட்டால் அவையும் நிற்க வேண்டியதுதான். காற்றாலையின் மின்சாரம் பக்கத்து வீட்டுக்குப் போவதில்லை. துணைமின் நிலையத்துக்குப் போய், எல்லா மின்சாரத்தோடும் கலந்து, எங்கெங்கோ போகிறது. ஆச்சிக்கு வரும் கட்டணம் பெரிதும் இல்லை. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு ஒரு குறிப்பிட்ட அளவு வரை மின்சாரம் இலவசம். அவர் அதைத் தாண்டுவது அபூர்வம். காசு அவருடைய குறை இல்லை என்று நினைக்கிறேன். முப்பது ஆண்டுகளாகச் சமையலறை ஜன்னலில் தெரியும் ஒரு பொருள், தன் வீட்டு இருட்டோடு சேர்ந்து நிற்கிறதே என்பதுதான்.

இதை எழுதும்போது ஒன்று தோன்றுகிறது. வியட்னாமிலிருந்து 1.2 கிகாவாட் மின்சாரத்தை இறக்குமதி செய்யும் திட்டத்துக்கு நம் எரிசக்திச் சந்தை ஆணையம் 2023 அக்டோபரில் நிபந்தனையுடன் ஒப்புதல் வழங்கியது. பெரும்பாலும் கடலில் நிறுவப்படும் காற்றாலைகளிலிருந்து, ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் கடலடிக் கம்பிவடத்தின் வழியாக வரவேண்டிய மின்சாரம். அது நடந்தால், காற்று ஓரிடத்தில் அடிக்க, விளக்கு வேறிடத்தில் எரியும் கதையில் நாமும் ஒரு பக்கம். எந்தப் பக்கம் என்பதுதான் வித்தியாசம்.

நான் மாமாவிடம் கொடு என்றும் சொல்லவில்லை, கொடுக்காதே என்றும் சொல்லவில்லை. விற்பதற்குப் பதில் குத்தகைக்கு விட முடியுமா, ஆண்டுக்கு எவ்வளவு, இருபது இருபத்தைந்து ஆண்டு கழித்துக் கோபுரத்தையும் இறகுகளையும் யார் அகற்றுவது என்று எழுதி வாங்கச் சொன்னேன். கோபுரம் இரும்பு, எடைக்குப் போகும். இறகுகள் கண்ணாடியிழையால் ஆனவை. அவற்றை உருக்கவும் முடியாது, விற்பதும் கஷ்டம். ஏற்கெனவே ஊருக்கு வெளியே வேலியோரம் ஒன்று வருடக்கணக்கில் கிடக்கிறது. ஆடுகள் அதன் நிழலில் படுக்கின்றன.

ஆகஸ்டில் வகுப்புகள் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு அழைத்தேன். கைப்பேசியில் முதலில் காற்றுச் சத்தம்தான் கேட்டது. அந்த ஆள் திரும்பவும் வந்தாராம். ஆச்சி அவரைத் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்து, நான் எழுதிக்கொடுத்த தாளை மாமாவை வாசிக்கச் சொல்லியிருக்கிறார். குத்தகை பற்றி மேலே கேட்டுச் சொல்வதாகப் போயிருக்கிறார், இன்னும் வரவில்லை.

“காத்தாடி ஓடுதா ஆச்சி?” என்று கேட்டேன்.

“காலையில ரெண்டு தடவை நின்னுது. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏன்னு கேட்டான். பம்புசெட்டு கதையைச் சொன்னேன்,” என்றார்.